நீர்க்குளிர்விப்புக் கணினிக்கு எந்தக் கூலண்ட் (குளிர்விக்கும் திரவம்) ஏற்றது?

பீனிக்ஸ்வாசி (டர்பன்):
அனைவருக்கும் வணக்கம். டர்பனின் ஜனவரி வெக்கையில் விசிறிகளை மட்டும் நம்பி ஓட்ட முடியாததால், என் கணினிக்கு நீர்க்குளிர்விப்பு அமைத்து வருகிறேன். செயலியின் மேல் அமரும் பிளாக் நிக்கல் முலாம் பூசிய செம்பு, ரேடியேட்டர் செம்பும் பித்தளையும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது, தொட்டி அக்ரிலிக், குழாய்கள் ஒளி புகும் மென்மையான பிவிசி. வடிநீரை மட்டும் ஊற்றினால் பாசி பிடிக்கும் என்கிறார்கள். கணினிக்கென்று விற்கும் திரவத்தின் விலையைப் பார்த்தால், பெட்ரோல் நிலையத்தில் கிடைக்கும் கார் கூலண்டே போதுமே என்று தோன்றுகிறது. எதை வாங்கலாம்? வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

செம்புக்குழாய் (சாட்ஸ்வொர்த்):
தம்பி, கடைசியாகச் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கார் கூலண்டுகளில் பெரும்பாலானவை எத்திலீன் கிளைக்காலை அடிப்படையாகக் கொண்டவை. அது நச்சு, அதோடு இனிக்கும் என்பதால் தரையில் சிந்தியதைக் குழந்தை விரலால் தொட்டு நக்கினால் மறுபடி மறுபடி நக்கும். அந்த ஒரு காரணமே அதை விலக்கப் போதும். மேலும், கிளைக்கால் சேர்ப்பதன் முக்கிய நோக்கம் நீர் உறையாமல் காப்பது. டர்பனில் வீட்டுக்குள் இருக்கும் கணினிக்கு அது தேவையே இல்லை. நீரின் வெப்ப ஏற்புத்திறன் (ஒரு டிகிரி சூடாக ஏற்கும் வெப்பம்) கிலோவுக்கு 4.18 கிலோஜூல் என்றால் எத்திலீன் கிளைக்காலுக்கு ஏறத்தாழ 2.4 தான், கலவை தடிப்பதால் பம்பும் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும்.

உங்களுக்கு வேண்டியவை இரண்டு: உலோக அரிப்பைத் தடுக்கும் பொருள், நுண்ணுயிர்க்கொல்லி. செம்புக்கும் பித்தளைக்கும் பென்சோடிரையசோல் நன்றாக வேலை செய்யும். உலோகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகப் படிந்து காக்கும். நுண்ணுயிர்க்கொல்லியாக மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) பரிந்துரைப்பவர்கள் உண்டு. நிக்கல் முலாம் இருக்கும் இடத்தில் அதைச் சேர்க்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்பாக, சுற்றில் எங்கேயும் அலுமினியம் இல்லை என்பதை உறுதி செய்யுங்கள். செம்பின் நியம மின்முனை அழுத்தம் (குறைவாக உள்ள உலோகமே முதலில் அரிக்கப்படும்) +0.34 வோல்ட், அலுமினியத்தினுடையது −1.66 வோல்ட், இரண்டும் ஒரே நீரில் நனைந்தால் அலுமினியம்தான் குழிகுழியாக அரிக்கப்படும். எந்தச் சேர்மானமும் அதைத் தாமதப்படுத்துமே தவிர முற்றிலும் நிறுத்தாது. மலிவான இணைப்பிகளில் சந்தேகம் இருந்தால், வெளியே தெரியாத ஓர் ஓரத்தைக் கத்தி முனையால் சுரண்டிப் பாருங்கள்: முலாமுக்கு அடியில் மஞ்சள் தெரிந்தால் பித்தளை, வெள்ளையாகவே இருந்தால் வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வடிநீர் (ஜோஹன்னஸ்பர்க்):
அண்ணன் சொன்னதில் ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். கார் கூலண்டில் அரிப்புத் தடுப்பான்கள் தரமானவை. குழந்தைகளோ வளர்ப்புப் பிராணிகளோ இல்லாத வீட்டில் அதை நீர்த்துப் பயன்படுத்துவதில் தவறில்லை. உங்கள் வீட்டுக்கு அது பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் குழாய்களைப் பற்றி யாரும் பேசவில்லை. மென்மையான பிவிசியில், அதை வளையச் செய்வதற்காகச் சேர்க்கும் நெகிழ்வூட்டிகள் நாளடைவில் கசிந்து, குழாய் மங்கலாவதோடு பிளாக்கின் நுண்ணிய பள்ளங்களில் வெண்ணிறப் பசையாகப் படியும். கூலண்டைக் குறை சொல்பவர்களில் பலர் உண்மையில் பார்த்தது அந்தப் பசையைத்தான். கறுப்பு இபிடிஎம் ரப்பர் குழாய் போட்டால் அந்தத் தொல்லை இல்லை, ஒளி புகாததால் பாசியும் வளராது. பால் போன்ற நிறத் திரவங்கள் பார்வைக்கு அழகு, ஆனால் அவற்றின் துகள்கள் படிந்து அடைத்துக்கொள்ளும். நிறமற்றதையே வாங்குங்கள்.

பீனிக்ஸ்வாசி:
இருவருக்கும் நன்றி. இபிடிஎம் குழாய்க்கு மாறிவிடுகிறேன். கணினிக்கான நிறமற்ற கலவையை வாங்கினால், அதில் தனியாக நுண்ணுயிர்க்கொல்லியும் சேர்க்க வேண்டுமா? நீருக்கு, ஹார்டுவேர் கடையில் விற்கும் பேட்டரித் தண்ணீர் ஆகுமா?

செம்புக்குழாய்:
சேர்க்காதீர்கள். அந்தக் கலவையிலேயே இரண்டும் இருக்கும். வெவ்வேறு தயாரிப்புகளைக் கலந்தால் ஒன்றோடொன்று வினைபுரிந்து வண்டலாகப் படியக்கூடும். பேட்டரித் தண்ணீர் அயனி நீக்கிய தூய நீர் என்று லேபிளில் எழுதியிருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். அமிலம் கலந்த பேட்டரித் திரவமும் அதே அலமாரியில் இருக்கும் என்பதால் படித்துப் பார்த்து எடுங்கள். புதிய ரேடியேட்டருக்குள் பற்றவைப்பின் எச்சம் தங்கியிருக்கும். சூடான வடிநீரை ஊற்றிக் குலுக்கி, வெளிவரும் நீர் தெளியும்வரை அலசிவிட்டுப் பிறகு கலவையை நிரப்புங்கள்.