பில்லி ஐலிஷ் தன் கிசுகிசுப்பை விட்டு விலகுகிறாரா?

கேள்வி:
2019 இல் வெளிவந்த முதல் முழு ஆல்பத்திலிருந்து அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷைத் தொடர்ந்து கேட்டு வருகிறேன். காதோரம் ரகசியம் சொல்வதுபோல அன்று பாடியவர், 2024 இன் ‘ஹிட் மீ ஹார்ட் அண்ட் சாஃப்ட்’ ஆல்பத்தில் பல இடங்களில் முழுத் தொண்டையைத் திறந்து பாடுகிறார். அந்தக் கிசுகிசுப்புதான் அவருடைய அடையாளம் என்று நம்பியிருந்தவன் நான். இதை வளர்ச்சி என்பதா, இழப்பு என்பதா?

மறுமொழி 1:
அந்தக் குரல் அவர் பாடிய அறைக்கும் வயதுக்கும் உரியது என்றே நினைக்கிறேன். அண்ணன் ஃபின்னியஸ் எழுதிய ‘ஓஷன் ஐஸ்’ பாடலை 2015 இல் சவுண்ட்கிளவுட் என்ற இசைத் தளத்தில் ஏற்றியபோது பில்லிக்கு 13 வயது. முதல் ஆல்பமும் பெரும்பாலும் லாஸ் ஏஞ்சல்ஸ் வீட்டில், அண்ணனின் படுக்கையறையில்தான் உருவானது. மைக்கை ஒட்டி மெல்லப் பாடும்போது மூச்சும் உதடு பிரியும் ஓசையும்கூடப் பதிவாகிவிடும். கருவிகள் குறைந்த இசையமைப்பு அவற்றுக்கு இடம் விட்டது. 22 வயதிலும் அதே குரலை எதிர்பார்ப்பது அவருக்கு நாம் செய்யும் அநியாயம்.

மறுமொழி 2:
நண்பரே, திருப்பம் 2021 இலேயே நிகழ்ந்துவிட்டது. ‘ஹேப்பியர் தேன் எவர்’ பாடலை ஹெட்போனில் ஒருமுறை பொறுமையாகக் கேளுங்கள். பழங்கால மெல்லிசைபோலத் தணிந்து தொடங்கும் பாடல், பாதி வழியில் மின்கிட்டாரும் டிரம்ஸும் சூழ்ந்துகொள்ள, ஒலி சிதறும் அளவுக்கு உயர்ந்து, கடைசியில் அலறலாகவே ஆகிவிடுகிறது. முற்பாதி அவ்வளவு அடங்கி இருந்ததால்தான் அந்த அலறல் நம்மை உலுக்குகிறது. 2024 ஆல்பத்தின் ‘தி கிரேட்டஸ்ட்’ பாடலிலும் இதே ஏற்றம் உண்டு. கிசுகிசுப்பு எங்கும் போகவில்லை. முன்பு பாடல் முழுவதையும் தாங்கியது, இப்போது உச்சத்துக்கு முந்தைய அமைதியாக நிற்கிறது.

மறுமொழி 3:
குரலைப் பொறுத்தவரை உடன்படுகிறேன். எனக்கு ஏக்கமெல்லாம் ஒலிகளைப் பற்றியது. முதல் ஆல்பத்தின் ‘பெரி எ ஃப்ரெண்ட்’ பாடலில் பல் மருத்துவரின் கருவி எழுப்பிய இரைச்சலும், ‘பேட் கை’ பாடலில் ஆஸ்திரேலியச் சாலைக் கடவையின் சிக்னல் ஒலியும் தாளத்தோடு தாளமாகக் கலந்திருந்தன. புதிய ஆல்பத்தில் அட்டாக்கா குவார்டெட் என்ற நால்வர் குழுவின் நரம்பிசை மிக அழகு. ஆனாலும் அன்றாட ஓசை ஒன்று இசையாக மாறும்போது வரும் சிலிர்ப்பு அதில் எனக்குக் கிடைக்கவில்லை.

கேள்வி கேட்டவர்:
நேற்றிரவு ‘ஹேப்பியர் தேன் எவர்’ பாடலை இரண்டு முறை கேட்டேன். முற்பாதியில் அவர் மூச்சிழுக்கும் ஓசை தெளிவாகவே கேட்கிறது. இழப்பு என்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.