பழைய டிஸ்க் இமேஜைப் புது மெஷினில் எழுப்ப வழி சொல்லுங்கள்

சம்மாந்துறையில் ஒரு அரிசி ஆலையின் கணக்குக் கொம்பியூட்டரை மாற்றிக் கொடுக்க வேண்டும். பழையது இரண்டாம் தலைமுறை இன்டெல், லெகசி பயோஸ் (பழைய பூட் முறை), எம்பிஆர் டிஸ்க் (பழைய பார்ட்டிஷன் அமைப்பு), வின்டோஸ் 10. புதியது பன்னிரண்டாம் தலைமுறை. யுஇஎஃப்ஐ (புதிய பூட் முறை) மட்டும்தான், என்விஎம்இ எஸ்எஸ்டி (புது வகை வேக டிஸ்க்).

புதிதாக வின்டோஸ் போடச் சொல்லிவிடாதீர்கள். நெல் கொள்வனவு மென்பொருளை எழுதிக் கொடுத்தவர் வெளிநாடு போய்விட்டார், செட்டப் கோப்பு யாரிடமும் இல்லை. அறுவடை தொடங்கினால் லொறிகள் வாசலில் வரிசை கட்டும்; மூட்டைக் கணக்கு இல்லாவிட்டால் முதலாளி என்னைச் சும்மா விடமாட்டார். வின்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபரோடு ஆதரவு முடிந்தது தெரியும், இந்த மெஷினுக்கு நெட் கொடுக்கப்போவதில்லை.

டிஸ்க் நகலெடுக்கும் குளோன்சில்லாவில் பழைய டிஸ்க்கின் இமேஜ் (முழு நகல்) எடுத்துப் புது டிஸ்க்கில் இறக்கினேன். முதலில் பூட் ஆகவே இல்லை. எம்பிஆர் டிஸ்க்கை யுஇஎஃப்ஐக்கு ஏற்ற ஜிபிடி அமைப்புக்கு மாற்றும் எம்பிஆர்2ஜிபிடியை ஓட்டிய பிறகு வின்டோஸ் சின்னம் வந்தது, புள்ளிகள் கொஞ்சம் சுற்றின, அப்புறம் நீலத்திரை: 'இனாக்சஸிபிள் பூட் டிவைஸ்' (பூட் டிஸ்க்கை அணுக முடியவில்லை). பயோஸில் விஎம்டியை (என்விஎம்இ டிஸ்க்குகளை நிர்வகிக்கும் இன்டெல் வசதி) நிறுத்தியும் அதேதான். இவ்வளவு காலமும் சாட்டாவில் (பழைய டிஸ்க் இணைப்பு) ஓடிய வின்டோஸ் என்பதால், என்விஎம்இ டிரைவர் பூட் நேரத்தில் ஏறவில்லை என்று நினைக்கிறேன்.

ரிகவரி கமாண்ட் புரொம்ப்டில் டிஸ்ம் (வின்டோஸ் இமேஜைத் திருத்தும் கருவி) மூலம் விஎம்டி டிரைவரைச் சேர்த்தால் போதுமா? இல்லை, ஒரு தடவை சேஃப் மோடில் ஏற்றினாலே சரியாகுமா? பழைய மெஷின் இன்னும் ஓடுகிறது. சிஸ்பிரெப் ஜெனரலைஸ் (அந்த மெஷினுக்கே உரிய விவரங்களை வின்டோஸிலிருந்து நீக்குவது) செய்து மறுபடி இமேஜ் எடுக்கலாம்தான், ஆனால் அந்த மென்பொருளின் பதிவு அழிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. கல்முனை, அக்கரைப்பற்று பக்கம் இதைச் செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், மெஷினைத் தூக்கிக்கொண்டு வரவும் தயார்.