லோனோடு ஒட்டி வந்த இன்சூரன்ஸ், இப்போது ‘எங்களிடம் பதிவே இல்லை’ என்கிறார்கள்

பனியன்ஊர்க்காரன்:
வணக்கம். 2022 ஜூனில் நாலு ஓவர்லாக் தையல் மெஷின் போட, வீட்டுப் பத்திரத்தை வைத்து ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் 8 லட்சம் லோன் எடுத்தேன், 10 வருடத்துக்கு. போன மாதம் இடத்தை விற்ற பணத்தில் மொத்தமாக அடைத்துவிட்டேன். அப்போதுதான் முழு ஸ்டேட்மென்ட்டைப் பார்க்கிறேன், முதல் வரியிலேயே கடன் தொகை 8,31,400 என்று இருக்கிறது. என் கைக்கு வந்தது 8 லட்சம்கூட இல்லை, பிராசசிங் பிடித்தது போக 7,88,000. அந்த 31,400 என்னவென்று கேட்டால், “இன்சூரன்ஸ் சார், எல்லாருக்கும் போடுறதுதான்” என்று கவுன்டரில் இருந்த பொண்ணு சொன்னாள். எனக்கு யாரும் சொல்லவில்லை. பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன், ஒரு நாற்பது இடம் இருக்கும். லோனை முடித்தாச்சு, மீதிப் பணத்தையாவது கொடுங்கள் என்றால், அந்தக் காலத்து ஆள் வேலையை விட்டுப் போய்விட்டாராம், சாஃப்ட்வேர் மாறிவிட்டதாம், என் பெயரில் பாலிசியே காட்டவில்லையாம். பாலிசிப் பேப்பர் என்னிடமும் இல்லை. விட்டுவிடுவதா?

பேரேடு:
விடாதீர்கள். ஆனால் பிராஞ்சில் நின்று பேசிப் பிரயோஜனம் இல்லை. இது பெரும்பாலும் குரூப் பாலிசியாக இருக்கும். மாஸ்டர் பாலிசி ஃபைனான்ஸ் கம்பெனி பெயரில், நீங்கள் அதில் ஒரு மெம்பர். அதனால் உங்கள் விவரம் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் லோன் நம்பரோடு இருக்கும், ஃபைனான்ஸ்காரர் ரெக்கார்டைத் தொலைத்தாலும் பிரீமியம் வாங்கினவன் தொலைக்க மாட்டான். எந்த இன்சூரன்ஸ் என்று தெரியவில்லையா? 2022 ஜூன், ஜூலை மெசேஜ்களையும் மெயிலின் ஸ்பாம் ஃபோல்டரையும் தோண்டுங்கள், சாங்ஷன் லெட்டரின் கட்டண அட்டவணையையும் பாருங்கள்.

இன்னொன்று, இரண்டு பணத்தைக் குழப்பாதீர்கள். லோனை முன்னாடியே முடித்ததால் மீதிக் காலத்துக்கு வருவது சரண்டர் தொகை, அதற்குச் சண்டையே வேண்டாம், குளோஷர் லெட்டரும் கேன்சல் செக்கும் போதும். ஆனால் ஆறு வருடம் மீதி என்பதற்காக பத்தில் ஆறு பங்கு வரும் என்று கணக்குப் போடாதீர்கள், பெரும்பாலும் அதைவிடக் குறைவுதான். சொல்லாமல் தலையில் கட்டினார்கள், 31,400ஐயும் அதற்குக் கட்டின வட்டியையும் கொடு என்பது வேறு வழக்கு.

முன்னாள்_டிஎஸ்ஏ:
அண்ணா, நான் லோன் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட்டாக அந்தப் பக்கம் மூணு வருஷம் வேலை பார்த்தவன். லோன் டார்கெட் தனி, இன்சூரன்ஸ் டார்கெட் தனி. “இது போட்டாத்தான் ஃபைல் பாஸ் ஆகும்” என்று சொல்லித்தான் வாங்குவோம், அப்படி ஒரு சட்டமே கிடையாது. பிரீமியத்தைக் கடனிலேயே சேர்த்துவிட்டால் கஸ்டமருக்குக் கை நோகாது, இஎம்ஐயில் நானூறு ஐந்நூறு கூடுவது யார் கண்ணிலும் படாது.

பதிவு இல்லை என்பதை எழுத்தில் வாங்குங்கள், அதுதான் முக்கியம். மெயிலில் மூன்றே கேள்வி: 31,400 யாருக்கு எந்தத் தேதியில் போனது, நான் கையெழுத்துப் போட்ட இன்சூரன்ஸ் படிவமும் உடல்நல உறுதிமொழியும் எங்கே, மெம்பர் சர்டிபிகேட்டை எப்படி அனுப்பினீர்கள். காட்ட முடியவில்லை என்றால் நீங்கள் சம்மதித்ததற்கு அவர்களிடம் ஆதாரம் இல்லை என்றுதானே அர்த்தம்? இத்தனை நாள் உங்களை விரட்டப் பயன்பட்ட பதில், அப்புறம் உங்கள் பக்கம் பேசும். பணப் பரிவர்த்தனைப் பதிவை 5 வருடமாவது வைத்திருக்க வேண்டும் என்பது விதி. சாஃப்ட்வேர் மாறியது சாக்கு.

தேனாம்பேட்டை_டீ:
30 நாளில் சரியான பதில் வரவில்லை என்றால் ஃபைனான்ஸ் மேல் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனுக்கு (புகாரை விசாரிக்கும் அதிகாரி) சிஎம்எஸ் என்ற ஆன்லைன் புகார் தளத்தில் போடுங்கள், பெரிய ஃபைனான்ஸ் கம்பெனிகளும் அதில் வரும். இன்சூரன்ஸ்காரர் மேல் என்றால் இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஆணையமான ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா புகார் தளம், அதிலும் நகரவில்லை என்றால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன், அண்ணா சாலையில் ஆபீஸ். வக்கீலும் வேண்டாம், ஃபீஸும் கிடையாது. ஆர்டிஐ போட நினைக்காதீர்கள், தனியார் கம்பெனிக்கு அது செல்லாது.

இதை எழுதிய வாரமே “ஐஆர்டிஏஐயில் இருந்து பேசுறோம், உங்க பாலிசிப் பணம் வந்திருக்கு, ஜிஎஸ்டி மட்டும் கட்டுங்க” என்று போன் வரலாம். எங்கள் மாமா அப்படி 18,000 விட்டார். ஐஆர்டிஏஐ யாருக்கும் போன் போட்டுப் பணம் தராது.

பனியன்ஊர்க்காரன்:
ரொம்ப நன்றி. வீட்டுக்காரம்மா போனில் கிடைத்தது! லோனுக்கு அவள் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறேன், மறந்தே போச்சு. 2022 ஜூன் 27, ‘உங்கள் காப்பீடு தொடங்கியது’ என்று ஒரு மெசேஜ், கீழே மெம்பர் நம்பர். இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டேன், லோன் நம்பரைச் சொன்னதும் என் பிறந்த தேதியை அவர்களே கேட்டுச் சரிபார்த்தார்கள், 2032 வரை பாலிசி இருக்கிறதாம். சரண்டர் எவ்வளவு என்று மெயிலில் சொல்வார்களாம். பிராஞ்சுக்கு அந்த மூன்று கேள்வியை நேற்றே அனுப்பிவிட்டேன், இன்று காலையிலேயே மேனேஜர் போன், “நேரில் வாங்க சார், பேசிக்கலாம்” என்கிறார். மெயிலிலேயே பதில் போடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.