அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது?

கொட்டாஞ்சேனையிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம். "நான் என்ன பாவம் செய்தேன் மகள்?" என்று இரவில் கேட்கிறார். சபையில் ஒருவர் விசுவாசக் குறைவு என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதும் இல்லை.

எனக்கு அது பிழையாகத்தான் படுகிறது. யோவான் 9இல் பிறவிக் குருடனும் பாவம் செய்யவில்லை, அவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்று இயேசுவே சொல்கிறார். அப்போஸ்தலன் பவுல் மூன்று முறை வேண்டியும், அவர் 'முள்' என்று சொன்ன உடல் வேதனை நீங்கவில்லை. 2019 ஈஸ்டர் அன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் பூசை கண்டுகொண்டிருந்தபோது குண்டுவெடிப்பில் இறந்தவர்களுக்கு என்ன விசுவாசம் குறைந்தது?

ஆனாலும் "தேவன் ஏன் அனுமதிக்கிறார்?" என்று அம்மா கேட்டால் எனக்கு வாய் வருவதில்லை. நீண்ட நோயைக் கடந்தவர்களே, உங்களைத் தாங்கிய வசனம் எது? அம்மாவுக்கு வாசித்துக் காட்டச் சின்னதாக எழுதுங்கள். மற்றது, வீட்டுக்கு வந்து ஜெபிக்கக்கூடியவர்கள் கொழும்பு 13 பக்கம் இருந்தால் சொல்லுங்கள்.