இளம் பாடகர்களுடன் ஓபரா: 'லா போயெம்' போடலாமா, வேண்டாமா?

பலெர்மோக் கணக்கர் கேட்டது:

வணக்கம். இத்தாலியில், பலெர்மோவில் இருபது வருடமாக இருக்கிறேன். ஓபரா என் தொழில் இல்லை, கணக்கெழுதுவதுதான். எங்கள் பகுதிச் சங்கம் ஒன்று, இசைக்கல்லூரி முடித்த, முடிக்கப்போகிற பிள்ளைகளை வைத்து வருகிற மே மாதம் ஓர் ஓபரா போடப்போகிறது. வரவு செலவு பார்க்கத்தான் கூப்பிட்டார்கள். போனால் பாதி வேலை என் தலையில்.

பாடகர் ஒன்பது பேர், எல்லோரும் 21இலிருந்து 27 வயதுக்குள். வாத்தியக்காரர் பதினான்கு பேர். 180 இருக்கைகள் உள்ள பழைய மண்டபம். ஒத்திகைக்கு ஐந்து கிழமை. இயக்குநர் புச்சீனியின் 'லா போயெம்'தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். இளைஞர்களின் கதை, இளைஞர்களே பாடட்டும் என்கிறார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் பாட்டு சொல்லிக்கொடுக்கிற ஒரு அம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "பிள்ளைகளின் தொண்டையைக் கெடுக்கப்போகிறீர்கள்" என்றார். யார் சொல்வது சரி?

ஒத்திகைப் பியானோ:

அண்ணை, அந்த அம்மா சொல்வதுதான் சரி. நானும் பலெர்மோவில் வளர்ந்தவள்தான். பதினொரு வருடமாகச் சிறிய ஊர் அரங்குகளில் ஒத்திகைக்குப் பியானோ வாசிக்கிறேன். வாத்தியக் குழு வருவதற்கு முதல் ஐந்து கிழமையும் பாடகர்களோடு இருப்பது நாங்கள்தான்.

எல்லோரும் மேல் ஸ்தாயியைக் கண்டுதான் பயப்படுவார்கள். முதல் அங்கத்தில் கதாநாயகன் ரொடோல்ஃபோ பாடும் பாட்டில் அந்த உயர்ந்த 'தோ' சுரம் வருகிறதே, அது பெரிய பிரச்சினை இல்லை. அரை சுரம் இறக்கிப் பாடலாம், பெரிய பாடகர்களே பாடியிருக்கிறார்கள். ஆபத்து அதற்குக் கீழே, நடு ஸ்தாயியும் மேல் ஸ்தாயியும் சேருகிற இடத்தில் இருக்கிறது. புச்சீனி அந்த இடத்திலேயே குரலை நெடுநேரம் நிறுத்திவைத்து, கீழே வயலின்களையும் அதே மெட்டில் இழைய விடுவார். பாடுகிறவனுக்கு உணர்ச்சி பொங்கும், அவனை அறியாமலே தொண்டையை அழுத்துவான். முப்பத்தைந்து வயதுக்காரனுக்கு எங்கே விடவேண்டும் என்று தெரியும். 23 வயதுக்காரனுக்குத் தெரியாது, தெரிந்தாலும் விடமாட்டான்.

பதினான்கு பேர்தானே, சத்தம் குறைவுதானே என்று நினைப்பீர்கள். நடப்பது தலைகீழ். வாத்தியம் மெலிந்தால் பாடகனுக்குச் சாய மெத்தை இல்லை. வெறுமையாகக் கேட்கிறதே என்று அதையும் தன் குரலால் நிரப்பப் பார்ப்பான். இரண்டாம் அங்கத்தை யோசித்தீர்களா? மொமுஸ் காப்பிக்கடை, தெருக்கூட்டம், சின்னப்பிள்ளைகளின் கோரஸ், கடைசியில் மேடையில் வரும் ராணுவ பாண்டு. இருபது நிமிடம்கூட இல்லை, ஆனால் உங்கள் பணத்தில் பாதி அங்கே போய்விடும்.

நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். இதே ஓபரா, ரொடோல்ஃபோ பாடிய தெனோருக்கு (உயர்ந்த ஆண்குரல்) 23 வயது, அழகான குரல். நடிப்பு ஒத்திகையில் முதல் அங்கத்தை ஒரே பின்னேரத்தில் ஏழு தரம் செய்யச் சொன்னார்கள், ஏழு தரமும் முழுக்குரலில். நான் பியானோவிலிருந்து "அச்சென்னா, அச்சென்னா" என்று சைகை காட்டினேன். மெல்லமாக, கோடு காட்டுவதுபோலப் பாடு என்று அர்த்தம். மேலே ஒரு சுரம் வந்தால் ஒரு ஸ்தாயி கீழே எடுத்துக்கொள்ளலாம், யாரும் குறை சொல்லமாட்டார்கள். அவன் கேட்கவில்லை. இயக்குநர் பார்த்துக்கொண்டிருக்கிறாரே! கடைசி முழு ஒத்திகையன்று குரல் போய்விட்டது. முதல் நாள் நிகழ்ச்சிக்கு வேறொரு தெனோர் ரயிலில் வந்து, மேடை ஓரத்தில் ஸ்டாண்டில் இசைத்தாளை வைத்துக்கொண்டு பாடினார். பையன் நடித்தான். "உன் கை எப்படிச் சில்லிட்டிருக்கிறது" என்ற இடத்தில் கதாநாயகி மிமியின் கையைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடியபடியே நின்றான். சனம் நன்றாகத்தான் கைதட்டியது. அவன் வணக்கம் சொல்ல வெளியே வரவில்லை.

ஆகவே என் பதில் தொனிசெட்டியின் 'எலிசீர் தமோரே'. 1832இல் மிலானில் அரங்கேறியது. இரண்டே அங்கம், பெயருள்ள பாத்திரம் ஐந்துதான். வாத்தியம் பெரும்பாலும் கித்தார் மீட்டுவதுபோல அடியில் ஓடும், குரல் மேலே மிதக்கும். கதையும் இளைஞர் கதைதான்: நெமொரீனோ என்ற அப்பாவிக் கிராமத்துப் பையன், ஊர்ச் சந்தைக்கு வந்த மருந்துக்காரன் துல்கமாராவிடம் காதல் மருந்து என்று நம்பி போர்தோ வைன் போத்தலை வாங்கிக் குடிக்கிறான். ஒரு நாள் கழித்துத்தான் பலிக்கும் என்கிறான் துல்கமாரா. அதற்குள் ஊரை விட்டு ஓடிவிடலாம் என்ற கணக்கு.

துல்கமாராவை மட்டும் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். 24 வயதுப் பையனுக்குச் சுருக்கம் வரைந்து தாடி ஒட்டினால் பள்ளிக்கூட நாடகமாகிவிடும். மேடையில் பழம் தின்று கொட்டை போட்ட ஐம்பது வயதுக்காரர் ஒருவரைப் பிடியுங்கள். எங்கே நிற்பது, வெளிச்சத்தை எப்படித் தேடிப்போவது, சொல் மறந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் பிள்ளைகள் அவரைப் பார்த்தே கற்றுக்கொள்வார்கள். ஆக வயது குறைந்த சொப்ரானோவுக்கு (உயர்ந்த பெண்குரல்) ஜன்னெத்தா என்ற கிராமத்துப் பெண்ணின் பாத்திரம். மாமன் சொத்து நெமொரீனோவுக்கு வந்துவிட்டது என்று பெண்கள் குசுகுசுக்கிற கோரஸை அவள்தான் நடத்துவாள். பாட்டு கொஞ்சம், ஆனால் சனம் மறக்காது.

இன்னுமொன்று: பதினான்கு பேரில் பஸூன் என்ற கீழ் ஸ்தாயிக் குழல் வாசிப்பவருக்கு மட்டும் காசைக் குறைக்காதீர்கள். எல்லோரும் காத்திருக்கும் நெமொரீனோவின் 'ஊனா ஃபுர்த்தீவா லாக்ரிமா' பாட்டை அவர்தான் ஆரம்பிக்கவேண்டும். ஹார்ப் இல்லையென்றால் நான் பியானோவில் சமாளிப்பேன். பஸூனுக்குப் பதில் எதுவும் இல்லை.

கலரிக்காரன்:

அக்கா சொல்வது ஒரு பக்கம். பெரிய தெனோர் பவரொட்டி முதன்முதலில் முழு ஓபரா பாடியது எது? ரெஜ்ஜோ எமிலியாவில், 1961 ஏப்ரல் 29, இதே 'லா போயெம்', இதே ரொடோல்ஃபோ. வயது 25. போட்டியில் வென்ற பரிசே அதுதான். பாடகர் ருஜ்ஜேரோ ரைமொந்தி 1964இல் ஸ்பொலேத்தோவில் ஆரம்பித்ததும் இதே ஓபராவில்தான். பிள்ளைகளைப் பொத்திப் பொத்தி வைத்தால் எப்போது பாடுவது?

ஒத்திகைப் பியானோ:

தம்பி, நல்ல கேள்வி. பவரொட்டி அந்த மேடைக்கு வருமுதல் எத்தனை வருடம் படித்தார் என்று பாருங்கள். மோதெனாவில் அர்ரிகோ போலாவிடம், பிறகு மான்தோவாவில் கம்போகல்லியானியிடம், ஆறேழு வருடம் போயிருக்கிறது. ரைமொந்தி பாடியது ரொடோல்ஃபோவின் நண்பன் கொல்லீனே. கடைசி அங்கத்தில் பழைய கோட்டுக்கு விடை சொல்கிற ஒரு பாட்டு, இரண்டு நிமிடம். 22 வயதுக்கு அளவான பாத்திரம்.

ஸ்பொலேத்தோவையே எடுங்கள். 1947இலிருந்து அங்கே நடப்பது இதுதான்: போட்டி வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள், மாதக்கணக்கில் படிப்பிக்கிறார்கள், அப்புறம்தான் மேடையேற்றுகிறார்கள். எங்கள் அண்ணையிடம் இருப்பது ஐந்து கிழமை. நான் பொத்திவைக்கச் சொல்லவில்லை, குரலைக் கேட்டுவிட்டு ஓபராவைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன். இயக்குநர் ஓபராவைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் குரலைத் தேடுகிறார்.

பலெர்மோக் கணக்கர்:

அக்கா, மிக்க நன்றி. இயக்குநரிடம் கதைத்தேன். தொண்டைக் கதைக்கு அவர் அசையவில்லை. சின்னப்பிள்ளைக் கோரஸுக்கும் பாண்டுக்கும் ஆகும் செலவைக் கணக்குப்போட்டுக் காட்டியதும் 'எலிசீர்' அருமையான யோசனை என்று அவரே சொல்லத் தொடங்கிவிட்டார்!

இரண்டு சந்தேகம். நெமொரீனோ காதலிக்கும் அதீனாவின் பாத்திரத்துக்கு இரண்டு பெண்கள் சரிசமமாக இருக்கிறார்கள், யாரை விடுவது? ஒன்பது பேரில் மூன்று பேர் கொரியப் பிள்ளைகள், உச்சரிப்புப் பற்றி இயக்குநர் கவலைப்படுகிறார். அப்புறம், என் அம்மா கோரஸ் பெண்களுக்குப் பாவாடை தைத்துத் தருகிறேன் என்று நல்ல ஊதா நிறத்தில் இருபது மீட்டர் துணி வாங்கிவைத்துவிட்டார். படம் போடட்டுமா?

ஒத்திகைப் பியானோ:

ஐயோ, அம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டு அந்தத் துணியை வீட்டிலேயே வைக்கச் சொல்லுங்கள். இத்தாலிய மேடையில் ஊதா ஆகாது. முன்னொரு காலத்தில் தவக்காலத்தில் கூத்து கிடையாது, பாதிரிமார் உடுத்துவது ஊதா, நடிகர்களுக்கு அது பட்டினி நிறம். இன்றைக்கும் ஊதாச் சால்வையோடு வருகிறவரை வாசலிலேயே மறிக்கிற மேடைக்காரர்களைக் கண்டிருக்கிறேன். எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனாலும் ஒத்திகைக்கு ஊதா உடுத்துவதில்லை.

இரண்டு அதீனாவையும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிகழ்ச்சி, ஆளுக்கு ஒன்று. ஒருத்தி பாடும் நாளில் மற்றவள் குரலை முடக்காமல் பக்கத்திலேயே தயாராக இருப்பாள். தெனோர் ஒருவன்தான் என்றால் நடுவில் ஒரு நாள் ஓய்வு கட்டாயம், கடைசி முழு ஒத்திகைக்கும் முதல் நிகழ்ச்சிக்கும் இடையிலும் அப்படியே. மேடைப் போத்தலில் நிறம் கலந்த தண்ணீர் போதும். கேஸ் உள்ள பானம் எதுவும் வேண்டாம், குடித்த கையோடு பாடவேண்டும்.

உச்சரிப்புக்கு முதல் கிழமை முழுக்கப் பாடாமல் வரிகளை வாசிக்க விடுங்கள், அதிலும் இரட்டை மெய்யில் கண் வையுங்கள். 'பேனா' என்றால் வேதனை, 'பென்னா' என்றால் எழுதுகிற பேனை. எங்களுக்குப் படு, பட்டு என்று சொன்னாலே விளங்கிவிடும், அவர்களுக்குக் கைதட்டிக் காட்டவேண்டும். நீங்களே ஒருக்கா பக்கத்தில் இருந்து திருத்துங்கள் அண்ணை, தமிழ்க் காதுக்கு அது உடனே பிடிபடும்.

பாவாடைக்குப் பச்சை எடுக்கச் சொல்லுங்கள்.