லா பாம்பாவை நம்பி வாங்கிய சிடி

லாஸ் லோபோஸ் என்ற அமெரிக்க ராக் குழு என்றால் எனக்குத் தெரிந்தது லா பாம்பா பாட்டு ஒன்றுதான். சில வருடம் முன்பு வேலைக்காக லாஸ் ஏஞ்சலஸில் இருந்தபோது பழைய சிடி விற்கும் கடையில் அவர்களுடைய 'லா பிஸ்தோலா இ எல் கொராசோன்' ஆல்பம் மூன்று டாலருக்குக் கிடந்தது. ராக் பேண்டுதானே, கிட்டார் அதிரும் என்று வாங்கிவந்து காரில் போட்டால் அக்கார்டியனும் வயலினும், கூடவே சின்னதாக ஏதோ ஒரு கிட்டார் சடசடவென்று கொட்டுகிற சத்தமும்தான். ஒன்பதே பாட்டு, அரை மணி நேரம்கூட இல்லை. மூன்று டாலர் போச்சு என்று அணைத்துவிட்டேன்.

அப்புறம் ஒருநாள் அலுவலக வாசலில் காவலுக்கு இருக்கும் பெரியவரைக் காரில் ஏற்றிக்கொண்டபோது அந்த சிடி தானாக ஓட ஆரம்பித்தது. மனிதர் மெக்சிகோவின் வெராக்ரூஸ்காரர், 'லா குவாகமாயா' பாட்டு வந்ததும் கூடவே பாட ஆரம்பித்துவிட்டார்! அந்தச் சின்னக் கிட்டாரின் பெயர் ஹரானா, ஒரே மரத்துண்டைக் குடைந்து செய்வது என்றெல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். லா பாம்பாவே அவர்கள் ஊர்க் கல்யாணப் பாட்டாம், அதை 1958-ல் ரிச்சி வாலன்ஸ் என்ற பாடகர் ராக் ஆக்கியிருக்கிறார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். 1973-ல் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் சேர்ந்த பையன்கள், ஆரம்பத்தில் கல்யாண வீடுகளில் வாசித்ததே இந்த மாதிரி மெக்சிகோ நாட்டுப்புறப் பாட்டுகளைத்தான். 1987-ல் இவர்கள் பாடிய லா பாம்பா அமெரிக்காவில் முதலிடம். வேறு யாராவது என்றால் அதே மாதிரி இன்னொன்று போட்டுக் காசு பார்த்திருப்பார்கள், இவர்கள் மறுவருடமே இந்த ஆல்பத்தைப் போட்டிருக்கிறார்கள். அதற்குக் கிராமி விருது கிடைத்தது, ஆனால் லா பாம்பா கேட்டவர்களில் எத்தனை பேர் இதைக் கேட்டிருப்பார்கள்?

*

அண்ணா, உங்கள் பதிவுக்கு ஒரு சின்னத் திருத்தம். இந்த ஆல்பத்தில் எல்லாமே மெக்சிகோ நாட்டுப்புறப் பாட்டு இல்லை. தலைப்புப் பாட்டு அவர்களே எழுதியது. 'கே நாடியே சேபா மி சுஃப்ரிர்' 1936-ல் அர்ஜென்டினாவில் ஆங்ஹெல் காப்ரால் மெட்டமைத்த வால்ஸ் நடனப் பாட்டு. பிரெஞ்சுப் பாடகி எடித் பியாஃபின் 'லா ஃபூல்' இதே மெட்டுதான். நான் பிரெஞ்சுப் பாட்டை முதலில் கேட்டவன், இதைக் கேட்டதும் "அட, பியாஃபைக் காப்பி அடித்திருக்கிறார்களே" என்று நண்பனிடம் பெரிதாக அளந்துவிட்டேன். இன்றுவரை அதைச் சொல்லிக் கிண்டல் செய்கிறான்.

*

நான் இன்னொரு வாசகன், பேஸ் கிட்டார் வாசிப்பவன். இந்த ஆல்பத்தைக் கேட்ட பைத்தியத்தில், மரியாச்சி என்கிற மெக்சிகோ இசைக்குழுவில் இருக்கும் ஒருவரிடம் கெஞ்சிக் கித்தாரோன் என்ற பெரிய பேஸ் கிட்டாரை ஒரு சாயங்காலம் வாங்கிப் பார்த்தேன். வயிறு பானை மாதிரி, கட்டைவிரலும் இன்னொரு விரலும் சேர்ந்து ஒரே நேரத்தில் இரண்டு தந்தியை இழுக்க வேண்டும், ஒரே சுரம் மேல் ஸ்தாயியிலும் கீழ் ஸ்தாயியிலும். கிட்டாரின் கழுத்தில் இருக்கும் ஃபிரெட் என்ற குறுக்குக் கம்பிகள் கிடையாது, எங்கே அழுத்துவது என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். லாஸ் லோபோஸின் பேஸ் கலைஞர் கான்ராட் லொசானோ ஏதோ விளையாட்டு மாதிரி வாசிப்பார். எனக்குப் பத்தே நிமிடத்தில் விரல் கொப்பளித்துவிட்டது, "நாளைக்கும் வா" என்றார் அந்த மரியாச்சிக்காரர், நான் போகவில்லை.