மாடிக் கதவை உடைத்துத் திருட்டு: காப்புறுதிப் பணம் தர மறுக்கிறார்கள்

ஹட்டன் டீச்சர்:
வணக்கம். ஹட்டனில் ஒரு கடைக்கு மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். மாடியில் மூன்று குடும்பம். எல்லோருக்கும் கீழே ஒரே இரும்புக் கேட், ஒரே படிக்கட்டு. பாடசாலை விடுமுறைக்கு மஸ்கெலியாவில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது எங்கள் பகுதியை உடைத்துவிட்டார்கள். டிவி, லெப்டொப், இரண்டரைப் பவுண் சங்கிலி எல்லாம் போய்விட்டது. கேஸ் சிலிண்டரைக்கூட விடவில்லை. ரெகுலேட்டரை மட்டும் கழற்றி அடுப்பின் மேல் பக்குவமாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் எனக்கு ஆத்திரம் கூடியது.

வீட்டுப் பொருட்களுக்குக் காப்புறுதி இருக்கிறது. ஆனால் "பலவந்தமாக உள்நுழைந்ததற்கு ஆதாரம் இல்லை" என்று கடிதம் வந்திருக்கிறது. பொலிஸ் முறைப்பாட்டில் "கதவு திறந்திருந்தது" என்று இருக்கிறதாம். நாங்கள் சொன்னது கீழ்க் கேட்டை! கடைக்குச் சாமான் வருவதால் அது பகல் முழுக்கத் திறந்துதான் கிடக்கும். எங்கள் கதவின் கொண்டியைக் கம்பி போட்டு நெம்பியிருந்தார்கள். முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதியபோது கேட்டும் கதவும் ஒன்றாகிவிட்டன. வீட்டுச் சொந்தக்காரர் மறுநாளே தச்சு பாஸைக் கூப்பிட்டுப் புதுக் கொண்டி அடித்துவிட்டார். இனி வழி உண்டா?

கொட்டகலை குமார்:
காசு வாங்கும்போது இருக்கிற சிரிப்பு கொடுக்கும்போது இருக்காது டீச்சர். அலைந்ததுதான் மிச்சமாகும்.

கண்டி மாமா:
குமார் தம்பி, சும்மா பயமுறுத்தாதீர்கள். நான் இழப்பு மதிப்பீட்டாளர் ஒருவரிடம் நெடுங்காலம் வேலை பார்த்தவன். பொதுப் படிக்கட்டு உள்ள கட்டடங்களில் அடிக்கடி வருகிற தகராறு இதுதான்.

டீச்சர், காப்புறுதிப் பத்திரத்தில் "காப்புறுதி செய்யப்பட்ட இடம்" என்று என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். மேல்மாடியில் உங்கள் பகுதி மட்டும் என்றால், உடைபட வேண்டியது உங்கள் கதவுதான். கேட் திறந்திருந்ததா என்பது வேறு கதை. முழுக் கட்டட முகவரி மட்டும் இருந்தால் கொஞ்சம் வாதாட வேண்டிவரும், வாடகை ஒப்பந்தத்தைக் காட்டுங்கள்.

அடுத்தது பொலிஸ். அதே நிலையத்துக்குப் போய் மேலதிக வாக்குமூலம் கொடுங்கள். எது கேட், எது உங்கள் கதவு, கொண்டி எப்படி இருந்தது என்று பிரித்துச் சொல்லுங்கள். தமிழும் அரச கரும மொழிதான், தமிழில் பதியச் சொல்லிக் கேட்கலாம். பழைய கொண்டி எங்கே? குப்பையில் கிடந்தாலும் தேடி எடுங்கள். கதவு நிலையில் ஆணி பிடுங்கிய ஓட்டையும் மரம் பிளந்ததும் இன்னும் தெரியும், பெயின்ட் அடிக்கவிடாமல் கிட்ட இருந்து போட்டோ எடுங்கள். கொண்டி மாற்றிய பாஸிடமும் கையெழுத்தோடு ஒரு கடிதம் வாங்குங்கள்.

பண்டாரவளை அக்கா:
பில் இல்லையென்றால் தளர வேண்டாம். டிவி தவணைக்கு எடுத்ததா? கடையில் கணக்கு இருக்கும், பிரதி கேளுங்கள். நான் காப்புறுதிப் பணம் கேட்டபோது சங்கிலிக்குக் கொடுத்தது பழைய அடகுச்சீட்டு. நம் பக்கத்தில் ஒருமுறையாவது பேங்குக்குப் போகாத நகை எது! எடை, கரட் எல்லாம் அதில் இருக்கும். கழுத்தில் போட்டிருக்கிற கல்யாணப் போட்டோவையும் சேர்த்துக் கொடுத்தேன்.

ஹட்டன் டீச்சர்:
அக்கா, நல்ல யோசனை. அந்தச் சங்கிலி வருஷத்தில் பாதி பேங்கில்தான் இருக்கும்! மாமா, கொண்டி கிடைத்துவிட்டது, வீட்டுச் சொந்தக்காரர் ஆணி டப்பாவுக்குள் போட்டு வைத்திருக்கிறார். மீண்டும் மறுத்தால்?

கண்டி மாமா:
முதலில் அந்தக் கம்பனிக்கே எழுத்தில் மேன்முறையீடு செய்யுங்கள், போனில் பேசியது கணக்கில் வராது. பதில் சரியில்லையென்றால் கொழும்பில் காப்புறுதி ஒம்புட்ஸ்மன், அதாவது இப்படியான முறைப்பாடுகளை விசாரிக்கிறவர், இருக்கிறார். முறையிடக் கட்டணம் இல்லை. இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம்.

ஆனால் முழுத் தொகையை எதிர்பார்க்காதீர்கள். நகைக்குத் தனி உச்சவரம்பு இருக்கும். அப்புறம், வீட்டில் 12 இலட்சத்துக்குப் பொருள் இருக்க 6 இலட்சத்துக்கு மட்டும் காப்புறுதி எடுத்திருந்தால், 3 இலட்ச இழப்புக்கு ஒன்றரை இலட்சம்தான் என்று விகிதம் போடுவார்கள். அந்த நிபந்தனை பத்திரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். "முழுத் தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன்" என்ற படிவம் நீட்டினால், தொகை சரியா என்று பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.